அரைச் செறிவு, இரட்டை நேரம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் தலைப்பு கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும் என்று எழுதாத விதி ஒன்று உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பதோ பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு வரி. அமிலத்தின் செறிவு கூடினால் அது உலோகத்தோடு வினைபுரியும் வேகமும் கூடும். ஏன் என்று தேர்வில் கேட்டால் துகள்கள் அதிகம், மோதல்கள் அதிகம், ஆகவே வேகம் அதிகம் என்று எழுதுவோம். இரண்டு மதிப்பெண் விழுந்துவிடும். இந்த விடையில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலோகத்தைப் பற்றி இதில் ஒரு சொல்லாவது இருக்கிறதா? துத்தநாகத்தை வைத்தாலும் இரும்பை வைத்தாலும் செம்பை வைத்தாலும் இதே இரண்டு வரியை எழுதிவிடலாம். விடுபட்டுப்போன அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம். எவ்வளவு என்பது ஒன்று. எவ்வளவு வேகமாக என்பது இன்னொன்று. மாணவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். அடர் அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் அதிகமாக வரும் என்று எழுதுபவர்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு 1766-லேயே விடை வந்துவிட்டது. லண்டன் ராயல் சொசைட்டியில் ஹென்றி கேவண்டிஷ் சமர்ப்பித்த ஆய்வுரைகள் அவை. துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம் மூன்றையும் அமிலங்களில் கரைத்து, வெளிவந்த எரியும் காற்றைப் பிடித்து அளந்தார். குறிப்பிட்ட எடை துத்தநாகத்திலிருந்து கிடைக்கும் காற்றின் அளவு, அமிலம் கந்தக அமிலமா ஹைட்ரோகுளோரிக் அமிலமா என்பதையோ, எந்த அளவு நீர்த்தது என்பதையோ பொறுத்து மாறவில்லை. உலோகம் முழுதும் கரையும் அளவுக்கு அமிலம் இருந்தால் போதும். ஹைட்ரஜன் என்ற பெயர்கூட அந்தக் காற்றுக்கு அப்போது வந்திருக்கவில்லை.

வேகம் என்ற இரண்டாம் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஜெர்மானியர் கார்ல் ஃப்ரீட்ரிக் வென்சல். டிரெஸ்டனில் பிறந்து, ஃப்ரைபெர்க் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். பொருள்களுக்கு இடையே உள்ள நாட்டத்தைப் பற்றி 1777-இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்து வேதியியலாளர்கள் எது எதை இடம்பெயர்க்கும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவரோ, நாட்டத்தின் வலிமையை அளக்க வேண்டுமானால் கரையும் நேரத்தை அளக்கலாமே என்று யோசித்தார். அவர் கண்டது இதுதான்: ஓர் அமிலம் குறிப்பிட்ட எடை செம்பையோ துத்தநாகத்தையோ ஒரு மணி நேரத்தில் கரைத்தால், பாதி வலிமையுள்ள அமிலம் அதே வேலைக்கு இரண்டு மணி நேரம் எடுக்கும். அதோடு நிறுத்தவில்லை, பரப்பும் சூடும் சமமாக இருந்தால் மட்டுமே இது செல்லும் என்று நிபந்தனையும் போட்டார்.

வேதிவினை வேகவியலின் பிறப்பு என்று பாடநூல்கள் வழக்கமாகக் காட்டுவது 1850-ஐ. அமிலத்தில் சர்க்கரை சிதைவதை வில்ஹெல்மி அளந்த ஆண்டு. சமன்பாடு எழுதியவர் அவர்தான், மறுப்பில்லை. 1864-இல் நார்வேயில் குல்ட்பெர்க்கும் வாகேயும் செறிவு விதியைப் பொதுமைப்படுத்தினார்கள். ஆனாலும் செறிவையும் வேகத்தையும் முதன்முதலில் ஒரே வாக்கியத்தில் எண்ணோடு கோத்தவர் வென்சல்தான் என்பது என் எண்ணம். அவருக்கு நேர்ந்த விசித்திரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் செய்யாத வேறொரு கண்டுபிடிப்பை, நடுநிலை உப்புகளைப் பற்றிய ஒரு விதியை, பெர்சீலியஸ் அவர் கணக்கில் எழுதிவைத்தார். 1840-இல் ஹெஸ் அதைத் திருத்தும்வரை வென்சலுக்குப் புகழ் இருந்தது, செய்யாத வேலைக்காக. செய்த வேலை தூசி படிந்து கிடந்தது.

வென்சலின் நிபந்தனையை, அதாவது பரப்பும் சூடும் சமம் என்பதை, இன்று நம் வகுப்பறையில் யாரும் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1783 ஆகஸ்ட் 27-இல் ஜாக் சார்ல் ஆளில்லா ஹைட்ரஜன் பலூனை ஷான் தெ மார் மைதானத்திலிருந்து பறக்கவிட்டார். ஏறத்தாழ அரை டன் இரும்பு, கால் டன் கந்தக அமிலம். எவ்வளவு இரும்புக்கு எவ்வளவு வாயு என்பது கேவண்டிஷ் வழியில் வந்த கணக்கு. ஆனால் நிரப்ப நாட்கணக்கில் ஆயிற்று. அமிலத்தை இன்னும் காரமாக்கி வேகமாக நிரப்பியிருக்கலாமே என்று தோன்றும். வேகம் கூடினால் சூடும் கூடும். வாயு சூடாகவே பையில் ஏறியது, ஆறியதும் சுருங்கியது, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. கடைசியில் பலூன் பறந்து கோனெஸ் கிராமத்தில் இறங்க, ஊரார் ஏதோ பூதம் என்று கவட்டுக்கோலால் குத்திக் கிழித்தார்கள். அது வேதியியல் அல்ல, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை.

இனி நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். 0.1 கிராம் மெக்னீசியம் நாடாவை உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் 50 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம். நாடாவைப் போட்டதும் மூடி, வரும் வாயுவை அளவுக்குழாயில் பிடியுங்கள். அறை வெப்பநிலையில் சுமார் 100 மி.லி. ஹைட்ரஜன் வரும். 1 மோலார் அமிலமானாலும் 0.25 மோலாரானாலும் கடைசியில் அதே 100 மி.லி.தான். கேவண்டிஷ் சொன்னது சரி.

வேகம்? செறிவு கால் பங்கானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். அளந்து பார்த்தால் நான்கு மடங்கு வருவதில்லை, அதைத் தாண்டிப் போகும். மாணவர் அதை எழுதி வைத்தால், அளவு தப்பு, திரும்பச் செய் என்கிறோம். தப்பு அவர் அளவில் இல்லை. கணக்கைப் பாருங்கள். 0.1 கிராம் மெக்னீசியம் முழுதும் கரைய 0.0082 மோல் அமிலம் வேண்டும். 50 மி.லி. 1 மோலார் கரைசலில் இருப்பது 0.05 மோல். ஆறில் ஒரு பங்குதான் செலவாகிறது. செறிவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 0.25 மோலாரில் இருப்பதோ 0.0125 மோல். மூன்றில் இரண்டு பங்கு செலவாகிவிடும். நாடாவின் கடைசித் துணுக்கு கரையும்போது அமிலம் 0.25 மோலாராக இல்லை, அதில் மூன்றில் ஒரு பங்கு வலிமையில் இளைத்துப் போயிருக்கிறது. முழுதும் கரையும் நேரத்தை அளந்துவிட்டு, அதைத் தொடக்கச் செறிவோடு ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும்? முதல் சில நொடிகளில் வரும் வாயுவை மட்டும் அளந்து வேகத்தைக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் அமிலத்தைத் தாராளமாக எடுக்க வேண்டும்.

அடுத்தது சூடு. ஒரு மோல் மெக்னீசியம் அமிலத்தில் கரையும்போது சுமார் 467 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. நம்முடைய 0.1 கிராமுக்கு ஏறத்தாழ 1.9 கிலோஜூல். 50 மி.லி. கரைசலை அது 9 டிகிரி சூடாக்கிவிடும். செறிந்த அமிலத்தில் வேலை சீக்கிரம் முடிவதால் அந்தச் சூடு வெளியே போக நேரமில்லை. நீர்த்ததில் மெல்ல வெளியேறிவிடும். ஆக, செறிவை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு வெப்பநிலையையும் சேர்த்தே மாற்றிக்கொண்டிருக்கிறோம். வென்சல் 1777-இல் போட்ட நிபந்தனை இரண்டில் ஒன்று இங்கேயே உடைந்துவிட்டது.

சரி, வெப்பநிலையைக் கட்டிப்போட்டு, அமிலத்தையும் தாராளமாக எடுத்து, கவனமாகச் செய்தால் நேர்விகிதம் கிடைக்கிறதா என்றால், நீர்த்த அமிலங்களில் ஏறக்குறைய கிடைக்கிறது. மோதல் கொள்கை வென்றது என்று கையைத் தட்டிவிடலாமா? கண்ணாடிக் குச்சியால் கரைசலைக் கலக்கிப் பாருங்கள். செறிவு மாறவில்லை, வெப்பநிலை மாறவில்லை, பரப்பும் அதே. வேகம் மட்டும் கூடுகிறது. மோதல் எண்ணிக்கையை வைத்துச் சொன்ன விடையால் இதை விளக்க முடியாது.

இதற்கு விளக்கம் 1904-இல் வந்தது. அப்போது கோட்டிங்கனில் இருந்த வால்தர் நெர்ன்ஸ்ட்டும், அதே ஆண்டில் இந்தக் கருத்தைச் சோதனையால் தொடர்ந்த எரிக் புரூனரும் சொன்னது இது. உலோகத்தை ஒட்டி, அசையாத மெல்லிய திரவ ஏடு ஒன்று இருக்கிறது. பரப்பில் வினை மிக வேகமாக நடப்பதால் அங்கே வந்து சேரும் ஹைட்ரஜன் அயனி உடனே தீர்ந்துவிடுகிறது. அடுத்த அயனி அந்த ஏட்டைக் கடந்து, விரவி வர வேண்டும். ரேஷன் கடையில் எடை போடுபவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், சந்து குறுகலாக இருந்தால் ஆள் வந்து சேரும் வேகம்தான் கடையின் வேகம். விரவும் வேகம் இரு பக்கச் செறிவு வேறுபாட்டுக்கு நேர்விகிதம். உலோகப் பக்கம் செறிவு பூஜ்யத்துக்கு அருகில் இருப்பதால், வெளிக்கரைசலின் செறிவுக்கு நேர்விகிதமாக வந்து நிற்கிறது. கலக்கினால் ஏடு மெலிகிறது, வேகம் கூடுகிறது. பாடநூல் சொன்ன விகிதம் சரியாகவே வருகிறது. ஆனால் பாடநூல் சொன்ன காரணத்தால் அல்ல. விடை சரி, வழி வேறு என்று ஆகிவிட்ட கணக்கு இது. இதை ஆசிரியர்கள் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குமிழிகளையும் மறக்கக் கூடாது. செறிவு ஏறும்போது குமிழி அதிகம். குமிழியே கரைசலைக் கலக்கிவிடுகிறது. அதே குமிழி பரப்பை மூடி அமிலத்தைத் தடுக்கவும் செய்கிறது. இரண்டில் எது மிஞ்சும் என்பதை நாடா எப்படித் தொங்குகிறது என்பதுகூடத் தீர்மானிக்கும். அதனால்தான் ஒரே வகுப்பில் நான்கு குழுக்கள் செய்தால் நான்கு வரைபடம் வருகிறது.

உலோகம் தன் பங்கைக் காட்டும் இன்னொரு இடம் துத்தநாகம். மிகத் தூய துத்தநாகத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் ஏதோ கடனே என்று ஒன்றிரண்டு குமிழி வரும். கடைச்சரக்குத் துத்தநாகம் பொங்கி வழியும். 1830-இல் ஜெனீவாவின் ஒகுஸ்த் தெ லா ரீவ் காரணத்தைச் சொன்னார்: கலப்பாக உள்ள மாற்று உலோகத் துணுக்குகள் ஒவ்வொன்றும் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒரு குட்டி மின்கலமாகிவிடுகின்றன. வாயு சீராக வரவில்லையென்றால் இரண்டு சொட்டு காப்பர் சல்பேட் விடும் பழக்கம் ஆய்வுக்கூட உதவியாளர்களிடம் உண்டே, அதன் ரகசியமும் இதுதான். துத்தநாகத்தின்மேல் செம்பு படிகிறது, மின்கலம் தயார். அமிலத்தின் செறிவை யாரும் தொடவில்லை, வேகம் பல மடங்காகிறது.

அமிலத்தின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு, அதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தூய அசிட்டிக் அமிலத்தில், அதாவது 16.6 டிகிரியிலேயே உறைந்து ஊட்டிக் குளிரில் கட்டியாகிவிடும் அந்த அமிலத்தில், மெக்னீசியத்தைப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. அதில் நீரை ஊற்றுங்கள், நுரைக்கத் தொடங்கும். நீர் ஊற்றினால் செறிவு குறைகிறது, வேகம் கூடுகிறது! அயனியாக நீர் வேண்டும் என்பதுதான் காரணம். நீர் சேரச் சேர ஒரு கட்டம் வரை வேகம் ஏறி, அதன் பிறகே நாம் படித்தபடி இறங்கும். வலிமையும் செறிவும் ஒன்றல்ல என்று அர்ரீனியஸும் ஆஸ்ட்வால்டும் 1880-களில் சொல்லிவிட்டார்கள். நாம்தான் இன்னமும் அடர் என்பதையும் வலுவான என்பதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நைட்ரிக் அமிலத்துக்கு வந்தால் கதையே வேறு. செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டில் வெலி என்பவர் ஒன்று கண்டார். நைட்ரஸ் அமிலம் துளியும் கலக்காத நைட்ரிக் அமிலம் செம்பைத் தீண்டுவதே இல்லை. கொஞ்சம் நைட்ரஸ் அமிலம் இருந்தால் வினை தொடங்கும். வினை நடக்க நடக்க இன்னும் நைட்ரஸ் அமிலம் பிறக்கும். தானே தன்னை விரைவாக்கிக்கொள்ளும். இப்போது கலக்கிப் பாருங்கள். மெக்னீசியத்தில் கலக்கினால் வேகம் கூடியது; இங்கே குறைகிறது. பரப்பை ஒட்டிச் சேர்ந்திருந்த நைட்ரஸ் அமிலத்தைக் கலக்கல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

நைட்ரிக் அமிலத்தின் செறிவு, வேகத்தை மட்டுமல்ல, என்ன பிறக்கும் என்பதையே மாற்றுகிறது. செம்போடு நீர்த்தது பெரும்பாலும் நிறமற்ற நைட்ரிக் ஆக்சைடைத் தரும், அடர்ந்தது பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடைத் தரும். இது தேர்வுக் கேள்வி, உங்களுக்குத் தெரியும். இந்தியாவில் இந்த வித்தியாசத்திலிருந்து ஒரு வாழ்க்கையே திசை மாறியது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய் பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் வினைபுரியவிட்டு, மெர்குரஸ் நைட்ரேட் தயாரிக்கப் பார்த்தார். மஞ்சள் படிகங்கள் தோன்றின. சோதித்துப் பார்த்தால் அது மெர்குரஸ் நைட்ரைட். அதுவரை யாரும் தயாரித்திராத பொருள். 1896-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். சூடான அடர் அமிலத்தை ஊற்றியிருந்தால் அந்தப் படிகம் கண்ணில் பட்டிருக்காது. இந்திய வேதியியல் ஆய்வின் தொடக்கங்களில் ஒன்று, நீர்த்த அமிலத்தின் மெதுவான வேலையில் இருக்கிறது.

நம் ஊரிலும் நைட்ரிக் அமிலத்தின் செறிவை நாள்தோறும் அளந்து பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். கோவையிலோ சென்னையிலோ ஒரு ஹால்மார்க் மையத்துக்குள் போய்ப் பாருங்கள். நகையிலிருந்து சுரண்டிய மாதிரியோடு, தங்கத்தைப் போல இரண்டரை மடங்கு அளவு வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, உலையில் புடம் போடுகிறார்கள். செம்பும் பிற உலோகங்களும் ஈயத்தோடு புடக்கிண்ணத்துக்குள் இறங்கிவிட, தங்கமும் வெள்ளியும் ஒரு மணியாகத் திரண்டு நிற்கும். அதைத் தட்டி, தகடாக்கி, சுருள் சுற்றி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க விடுகிறார்கள். வெள்ளி கரைய வேண்டும், தங்கம் நிற்க வேண்டும். எடுத்த எடுப்பில் காரமான அமிலத்தை ஊற்றினால் வேலை சீக்கிரம் முடியுமே? ஊற்ற மாட்டார்கள். முதல் கொதிப்புக்கு 33 சதவீத அமிலம். இரண்டாவதற்கே 49 சதவீதம். முதலிலேயே காரமானதை ஊற்றினால் வெள்ளி ஆவேசமாகக் கரைந்து, மிஞ்சும் தங்கச் சுருள் துணுக்குத் துணுக்காக உதிர்ந்துவிடும்; உதிர்ந்ததை நிறுப்பது எப்படி? மெதுவாகக் கரைந்தால் சுருள் பழுப்பாக, நுண்துளைகளோடு, உருக்குலையாமல் நிற்கும். பிறகு வலுத்த அமிலம் உள்ளே ஒளிந்திருக்கும் கடைசி வெள்ளியை வெளியேற்றும். வெள்ளியைக் குறைவாகச் சேர்த்தாலோ, எவ்வளவு காரமான நைட்ரிக் அமிலமும் தோற்றுப்போகும். தங்க அணுக்கள் வெள்ளியைச் சூழ்ந்து காத்துவிடும். உங்கள் வளையலில் 916 என்று முத்திரை விழுவதற்குப் பின்னால் இந்த இரண்டு செறிவுகள் இருக்கின்றன.

இப்போது இரும்பு. இந்த உரைக்கு நான் சம்மதித்ததே இதைச் சொல்லத்தான்.

பர்மிங்காமின் ஜேம்ஸ் கியர் 1790-இல் ஒரு விந்தையைப் பதிவு செய்தார்: நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதித்துக் கரையும் இரும்பு, மிக அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் பளபளவென்று அப்படியே கிடக்கிறது. அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1836-இல் பாசலிலிருந்து ஷோன்பைன் இதைப் பற்றி ஃபாரடேக்கு எழுதினார். ஓசோனைக் கண்டுபிடித்த அதே ஷோன்பைன்தான். ஃபாரடே லண்டனில் தானே செய்து பார்த்தார்.

அந்தச் சோதனையை மூன்று கட்டமாகச் சொல்கிறேன். ஒப்படர்த்தி 1.4 உள்ள நைட்ரிக் அமிலம், எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமிலம். அதில் ஓர் இரும்பாணியை இறக்குங்கள். ஒன்றும் நடக்காது. அடுத்து, ஆணியை அசைக்காமல் முகவையின் ஓரமாக மெல்ல நீர் ஊற்றி அமிலத்தைப் பாதியாக நீர்க்கச் செய்யுங்கள். புதிய ஆணி ஒன்றை இந்தச் செறிவில் போட்டால் பழுப்புப் புகை கக்கிக் கரையும். நம் ஆணியோ இப்போதும் சும்மா கிடக்கிறது. கடைசியாக, ஒரு கண்ணாடிக் குச்சியால் ஆணியை ஒரு கீறு கீறுங்கள். கீறிய இடத்திலிருந்து வினை ஆணி முழுதும் பரவி, பழுப்புப் புகை குபுகுபுவென்று எழும். மாணவர்களே, வீட்டிலோ பள்ளி மேசையிலோ இதைச் செய்யக் கூடாது; அந்தப் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும். புகைபோக்கிப் பெட்டிக்குள், ஆசிரியர் கையால் மட்டும்.

என்ன நடந்தது என்று நிதானமாக யோசியுங்கள். இரண்டாம் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் உலோகம் அதே இரும்பு. அமிலம் அதே அமிலம், செறிவு அதே செறிவு. ஒன்றில் வேகம் பூஜ்யம், இன்னொன்றில் கட்டுக்கடங்காத வேகம். செறிவைக் கிடை அச்சில் வைத்து வேகத்தைச் செங்குத்து அச்சில் வைத்து வரைபடம் போடச் சொன்னால், இந்த ஆணிக்கு எந்தப் புள்ளியை வைப்பீர்கள்? ஆணி எந்த வழியாக அந்தச் செறிவுக்கு வந்தது என்று கேட்காமல் புள்ளி வைக்க முடியாது.

பரப்பு ஆக்சிஜனோடு ஒரு விதமாகப் பிணைந்து, ஆக்சைடுக்கு நிகரான நிலையில் இருக்க வேண்டும் என்று ஃபாரடே கருதினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை நம்ப எல்லோரும் தயாராக இல்லை. தொண்ணூறு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1927-இல் கேம்பிரிட்ஜின் எவன்ஸ், அடியில் இருக்கும் இரும்பைக் கரைத்துவிட்டு மேலிருந்த படலத்தைத் தனியே பிரித்தெடுத்தார். தடிமன் சில நானோமீட்டர். அடர் அமிலம் தன் ஆக்சிஜனேற்றும் வீரியத்தாலேயே அந்தப் படலத்தை நொடியில் எழுப்பித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. நீர்த்த அமிலத்துக்கு அந்த வீரியம் போதாது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் புளிக்குழம்பைத் தாங்குவதும் இதே போன்ற படலத்தால்தான். அங்கே படலத்தை எழுப்புவது எஃகில் கலந்த குரோமியம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்தப் படலத்தையும் உடைக்கும் என்பதால் கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டை எவர்சில்வர் வாளியில் ஊற்றாதீர்கள்.

கந்தக அமிலத்திலும் இரும்பு இதையே வேறு விதமாகச் செய்கிறது. ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உர உற்பத்தி தொடங்கியது 1906-இல். அந்த உரத்துக்குக் கந்தக அமிலம்தான் மூலப்பொருள். அன்றிலிருந்து தமிழகத்துக்கு இந்த அமிலம் பழக்கம். நெடுஞ்சாலையில் கந்தக அமிலம் என்று எழுதிய டேங்கர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். 98 சதவீத அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியிலேயே வைக்க முடிகிறது. எஃகின்மேல் இரும்பு சல்பேட் ஏடு ஒன்று படிகிறது. அது அடர் அமிலத்தில் கரைவதில்லை. நீரிலோ கரைந்துவிடும். எனவே இந்தத் தொட்டிக்குப் பகை அமிலம் அல்ல, தண்ணீர். காற்றிலிருக்கும் ஈரத்தை அமிலம் உறிஞ்சி, சுவரோரம் மெல்லிய நீர்த்த அமிலப் படலமாகத் தங்கினால் எஃகை அரிக்கத் தொடங்கும், கூடவே ஹைட்ரஜன். காற்றுப்போக்கியில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைப்பது இதற்காகத்தான். குழாயில் அமிலம் வேகமாக ஓடினாலும் ஏடு அடித்துச் செல்லப்படும். ஆகவே எஃகுக் குழாயில் ஓட்டத்தை நொடிக்கு 1 மீட்டருக்குள் வைத்துக்கொள்வார்கள். காலித் தொட்டிதானே என்று நீர் விட்டுக் கழுவி, அப்படியே வெல்டிங் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ரஜன் பதில் சொல்லும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும். செறிவு குறைந்தால் ஆபத்து குறையும் என்ற பள்ளிக்கூட நினைப்போடு இந்தத் தொழிலுக்குள் போகும் இளைஞரை நினைத்தால் எனக்குக் கவலைதான்.

அந்தக் கவலையால்தான் இங்கு வந்திருக்கும் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பாடநூல் வரியை மாற்றச் சொல்லவில்லை. தொடக்க வகுப்புக்கு அது போதும். மெக்னீசியம் சோதனையைச் செய்யும்போது, மூன்று செறிவுகளோடு கூடுதலாக இரண்டே இரண்டு முறை செய்யச் சொல்லுங்கள். ஒன்று, அதே அமிலத்தைக் கலக்கிக்கொண்டே. இன்னொன்று, உப்புத்தாளால் தேய்க்காத நாடாவோடு. இரண்டுக்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், பாடவேளையில் பத்து நிமிடம் கூடும், அவ்வளவுதான். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், அமிலத்தை நீரில் ஊற்றுங்கள், நீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள், அருகில் தீ வேண்டாம். கிடைக்கும் எண்களை, பாடநூலோடு ஒத்துப்போகாத எண்களையும் சேர்த்து, ரெக்கார்டு நோட்டில் அப்படியே எழுத விடுங்கள். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.